மணமகன் வரத் தாமதமாகிறது: திருமணம், எதிர்நோக்கு, கடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேசுவரம் தீவுக்குள் இருக்கும் ஒரு கடலோரக் கத்தோலிக்கப் பங்கில் 18 ஆண்டுகளாகத் திருமண முன்தயாரிப்பு வகுப்பு எடுக்கிறேன். என் கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நான் இறையியல் பட்டம் பெற்றவள் அல்ல. பங்குத்தந்தை கொடுத்த புத்தகங்களும் வீட்டு அனுபவமும்தான் கைமுதல். வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை. முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதுதான், "அக்கா, ஒன்று கேட்கலாமா?" என்று வருவார்கள். அப்படி வந்த கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். விவிலிய அதிகாரங்களைக் குறித்திருக்கிறேன், எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடவுளின் அன்பைச் சொல்ல எத்தனையோ உவமைகள் இருக்க, ஏன் கல்யாணம்?

மற்ற உவமைகளும் இருக்கின்றன. ஆயன், தந்தை, கற்பாறை, குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டும் கோழி என்று விவிலியம் எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் ஆயன் ஆட்டிடம் சம்மதம் கேட்பதில்லை. பிள்ளை தன் தகப்பனைத் தேர்ந்தெடுப்பதில்லை. கல்யாணத்தில்தான் இரண்டு பேரும் வாய் திறந்து 'சம்மதம்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. திருமணத்தை உண்டாக்குவது அந்தச் சம்மதமே, அதற்கு ஈடாக வேறு எந்த மனித அதிகாரமும் நிற்க முடியாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1057. அப்பாவோ பங்குத்தந்தையோ ஆயரோ உங்களுக்காகச் சம்மதம் சொல்ல முடியாது. கடவுள் தம்மை மணமகன் என்று அழைத்துக்கொள்ளும்போது, நம் பதிலுக்குக் காத்திருப்பவராகத் தம்மைக் காட்டுகிறார். எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்பாகத்தான் இருக்கிறது.

தொடக்கநூல் 2ஆம் அதிகாரத்தில் ஆணும் பெண்ணும் இணைவதில் தொடங்கும் இந்த இழை, ஓசேயா, எரேமியா, எசேக்கியேல், எசாயா வழியாக ஓடி, திருவெளிப்பாடு 19இல் ஆட்டுக்குட்டியின் திருமண விருந்தில் போய் நிற்கிறது. நடுவில் இனிமைமிகு பாடல் இருக்கிறது. புராட்டஸ்டன்ட் சபையார் வீட்டுப் பெண்கள் உன்னதப்பாட்டு என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். 12ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து அந்த நூலுக்கு 86 மறையுரைகள் செய்தார். மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இருந்தபோதே இறந்துபோனார். நூலில் இருப்பவை எட்டு அதிகாரங்கள். நாங்கள் இரண்டே மாலையில் வகுப்பை முடித்துச் சான்றிதழும் கொடுத்துவிடுகிறோம்.

'எதிர்நோக்கு' என்கிறீர்களே, நம்பிக்கை என்றே சொன்னால் என்ன?

என் பாட்டி காலத்து ஞானோபதேசத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று வரிசை. இன்று கத்தோலிக்கத் தமிழில் விசுவாசத்தின் இடத்துக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பழைய நம்பிக்கையின் இடத்துக்கு எதிர்நோக்கு வந்திருக்கிறது. முதலில் இந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை, அரசாங்கச் சுற்றறிக்கைத் தமிழ்போல இருந்தது. பிறகு ஒரு நாள் புரிந்தது.

எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் ஆண்டு என் கணவரின் படகு எஞ்சின் நின்று இரண்டு இரவு நீரோட்டத்தில் போய்விட்டது. அப்போது வீட்டில் செல்போன் கிடையாது. முதல் இரவு மீந்த சோற்றில் நான் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றினால் அவர் வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒரு பயம். மூடியே வைத்திருந்தேன். விடிந்து திறந்தால் ஊசிப்போயிருந்தது. கோழிக்குக் கொட்டிவிட்டு, அவருக்கும் சேர்த்து அரிசி அளந்து மறுபடி உலை வைத்தேன். மாமியார் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நண்பகலில் மண்டபம் ஊர்ப் பக்கத்து வல்லம் ஒன்று படகைக் கட்டி இழுத்து வந்தது.

'எதிர்நோக்கு' என்று கேட்டால் எனக்கு அந்த இரண்டாவது உலைதான் நினைவுக்கு வருகிறது. அவர் உயிரோடு இருக்கிறார் என்ற தகவல் எதுவும் என்னிடம் இல்லை. அளந்து போட்ட அரிசி மட்டும் இருந்தது. நம் பழைய இலக்கணமும் கடற்கரை நிலமான நெய்தலுக்கு 'இரங்கல்' என்பதையே உரிப்பொருளாக வகுத்தது. போனவன் வரவில்லையே என்று கரையில் நின்று ஏங்குவது. அந்தக் கரையிலேயே பிறந்தவர்களுக்கு மத்தேயு 25இன் பத்துக் கன்னியர் உவமையை விளக்கவே வேண்டாம். மணமகன் வரத் தாமதமாகிறது, விளக்குக்கு எண்ணெய் வேண்டும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தப் பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள், முன்மதியுள்ள ஐந்து பேரும் சேர்த்து. தூங்கியதற்காக யாரையும் ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை.

கானா ஊர்க் கல்யாணத்தில் இயேசு செய்தது வெறும் உபசாரம்தானே? அதில் என்ன பெரிய மறைபொருள்?

யோவான் 2ஐ ஒரு தண்ணீர்க் கணக்காகப் படித்துப் பாருங்கள். ஆறு கல்தொட்டிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர் கொள்ளும். மொத்தம் 480 முதல் 720 லிட்டர். நாம் இடுப்பில் வைக்கும் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால் 32 முதல் 48 குடம் வரை. இந்தத் தீவில் நல்ல தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அது எத்தனை நடை என்று தெரியும். இயேசு "நிரப்புங்கள்" என்றார், வாய்வரை நிரப்பினார்கள். குழாய் இல்லை, லாரியும் இல்லை.

அந்தத் தண்ணீர் திராட்சை ரசமானது. ரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை, தண்ணீர் மொண்ட பணியாளருக்குத் தெரிந்திருந்தது என்று யோவான் எழுதுகிறார். எந்தக் கல்யாண வீட்டிலும் நடப்பது இதுதான்: அடுப்படியில் நிற்பவர்களுக்குத் தெரிவது மேடையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. மணமக்களின் பெயர்கூட அந்த அதிகாரத்தில் இல்லை. வந்திருந்த விருந்தாளியே உண்மையான மணமகன் என்பதை, அடுத்த அதிகாரத்தில் திருமுழுக்கு யோவான் தம்மை மணமகனின் தோழர் என்று சொல்லும்போதுதான் (3:29) நாம் பிடித்துக்கொள்கிறோம்.

"மனைவியரே, பணிந்திருங்கள்" என்று பவுல் எழுதிவிட்டாரே, பிறகு அன்பு என்ன அன்பு?

இந்தக் கேள்வியைக் கேட்பது எப்போதும் பெண்கள். எபேசியர் 5:22ஐ வாய்ப்பாடாக ஒப்பிப்பது எப்போதும் மாமனார்கள். அதற்கு முந்தைய வசனம், 21, எல்லாரையும் ஒருவருக்கொருவர் பணிந்திருக்கச் சொல்கிறது. கிரேக்க மூலத்தின் பழைய படிகள் சிலவற்றில் 22இல் 'பணிந்திருங்கள்' என்ற வினைச்சொல்லே கிடையாது. 21இலிருந்து இரவல் வாங்கித்தான் பொருள் கொள்ள வேண்டும். மனைவியருக்குச் சொல்லி முடிக்கப் பவுலுக்கு மூன்று வசனம் போதுமாக இருந்தது. கணவர்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது. அவர்களுக்கு வைத்த அளவுகோலும் லேசானதல்ல: கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல.

தனுஷ்கோடிப் பக்கம் வடக்கே பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வோம். பெண்கடல் அமைதி, ஆண்கடல் ஆக்ரோஷம் என்று சுற்றுலா வருபவர்களிடம் வேன் ஓட்டுநர்கள் சொல்வார்கள். தொழிலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில்தான் அது சரி. வாடை எழும்பிவிட்டால் பெண்கடல் சீறும், ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். அதற்கேற்பப் படகைக் கரை மாற்றிக் கட்டுவார்கள். குடும்பத்திலும் யார் எப்போது தணிவது என்பது காற்றைப் பொறுத்தது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பவுல் இதை ஒப்புக்கொள்வாரா என்று ஒருமுறை பங்குத்தந்தை சிரித்துக்கொண்டே கேட்டார்.

மாப்பிள்ளைக்குப் படகு எஞ்சின் வாங்கித் தருகிறோம். அது வரதட்சணை ஆகுமா?

ஆகும். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். சட்டத்தை விடுங்கள். விவிலியத்தில் கடவுள் மணமகனாக வரும் இடங்களில் கொடுப்பவர் மணமகன்தான். ஓசேயா தன்னை விட்டுப் போன மனைவியை மீட்க 15 வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்தார் (3:2). கிறிஸ்து உயிரையே கொடுத்தார். பெண் வீட்டில் வாங்கிய மணமகன் கதை ஒன்று அந்த இடங்களில் இருந்தால் காட்டுங்கள், வகுப்பில் வாசிக்கிறேன்.

தடைக்காலத்தில் தாலியை அடகு வைத்துவிட்டேன். பாவமா?

இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் பிள்ளைகளுக்குப் பசிக்கும். திருமணம் என்னும் அருட்சாதனம் தங்கத்தில் இல்லை, நீங்கள் இருவரும் சொன்ன சம்மதத்தில் இருக்கிறது. அதை எந்த அடகுக் கடையும் எடைபோட முடியாது. மஞ்சள் கயிற்றில் ஒரு சிறு சிலுவையைக் கோத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவப் பெண் தாலி அணியலாமா என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் துர்னோன் பிறப்பித்த ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைத் தடுத்து, சிலுவையோ இயேசு, மரியா உருவமோ பொறித்ததை அனுமதித்தது. ரோமாபுரி வரை போய்த் தீர்ந்த வழக்கு அது. இன்று புறாவும் சிலுவையும் பொறித்த தாலி எந்த நகைக்கடையிலும் கிடைக்கிறது.

ஓசேயாபோல மன்னித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். என் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார்.

வேண்டாம். உங்களுக்கு இதைச் சொன்னவர்கள் ஓசேயாவைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள். அந்தக் கதையில் காயப்பட்டவர் கணவர். தேடிப்போவதும் அவர்தான், கடவுளின் இடத்தில் நின்று. காயப்படுத்துகிறவருக்கு உரிமம் கொடுக்க எழுதிய நூல் அல்ல அது. இரண்டாம் அதிகாரத்தில் கடுஞ்சொற்கள் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். எனக்கே அவை உறுத்துகின்றன. ஆனால் அதே அதிகாரம் பாலைநிலத்துக்கு அழைத்துப் போய் நெஞ்சோடு பேசுவதற்குத்தான் திரும்புகிறது.

உடலுக்கோ உள்ளத்துக்கோ பெரும் ஆபத்து என்றால் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டம் 1153 இடம் தருகிறது. தாமதித்தால் ஆபத்து என்றால் யார் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. 181 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இரவு என்றால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

ஓரியூர் அருளானந்தர் ஒரு கல்யாண விவகாரத்தில்தான் கொல்லப்பட்டார் என்பது உண்மையா?

உண்மை. அருளானந்தர் என்பது போர்ச்சுகலிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ஜான் தெ பிரிட்டோவின் தமிழ்ப் பெயர். மறவர் குலத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிட வேண்டும் என்றார் அருளானந்தர். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுர மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். முறையீடு அரண்மனைக்குப் போனது. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947இல் புனிதர் பட்டம் கிடைத்தது. இன்றும் மக்கள் அங்கிருந்து சிவந்த மண்ணை எடுத்து வந்து வீட்டில் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு சிமிழில் இருக்கிறது.

ஒருவனுக்கு ஒருத்தி என்ற உண்மைக்காக ஒருவர் உயிரைக் கொடுத்தது என் நெஞ்சைத் தொடுகிறது. கூடவே, விலக்கப்பட்ட அந்தப் பெண்களைப் பற்றியும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஒரு நாள் காலையில் மனைவியர், மறுநாள் இல்லை. புனிதரின் மீது எனக்குள்ள பக்தி குறையாமலே இதைச் சொல்கிறேன். கைவிடப்பட்டவளை மறுபடி பெயர் சொல்லி அழைக்கும் கடவுளை எசாயா 54ஆம், 62ஆம் அதிகாரங்களில் படிக்கும்போது, அந்தப் பெண்களுக்காகவும் ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொல்லிக்கொள்கிறேன்.

படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. நான் இன்னும் அவர் மனைவிதானா?

இந்தக் கேள்வி வகுப்பில் வந்ததல்ல. ஒரு கல்லறைத் திருநாள் மாலை கடற்கரையில் கேட்டது. நவம்பர் 2, வாடைக்காற்று. மற்றவர்கள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். அவளுக்குப் போய் நிற்க ஒரு குழி இல்லை. பழைய பெயின்ட் வாளியை மணலில் படுக்கைவாக்கில் புதைத்து, காற்றுப் படாத அதன் அடியில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தாள். மூன்று தீக்குச்சி அணைந்து நாலாவதில் பிடித்தது.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏழு ஆண்டு எந்தச் செய்தியும் இல்லையென்றால் இறந்ததாக எடுத்துக்கொள்ள நாட்டின் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. திருச்சபை வேறு விதமாகப் பார்க்கிறது: சட்டம் 1707இன்படி, எத்தனை காலம் காணவில்லை என்பது மட்டுமே போதாது, சாட்சிகள், சூழ்நிலை எல்லாவற்றையும் விசாரித்து, இறந்திருக்கிறார் என்ற உறுதி ஏற்பட்ட பிறகே ஆயர் அறிவிப்பார். நமக்கு அது சிவகங்கை மறைமாவட்ட ஆயர். கூடப் போய்ப் பிழைத்து வந்தவர்களின் வாக்குமூலம் இதில் மிக முக்கியம். தள்ளிப்போடாமல் எழுதி வாங்கிப் பங்கு அலுவலகத்தில் கொடுத்துவையுங்கள். அறிவிப்பு வந்தபின் மறுமணம் செய்ய எந்தத் தடையும் இல்லை (1 கொரிந்தியர் 7:39). செய்தால் அவருக்குத் துரோகம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. செய்யாமல் இருந்தாலும் அது உங்கள் விருப்பம்.

அவள் கேட்டது சட்டத்தை அல்ல என்று எனக்குத் தெரியும். திருமண வாக்குறுதியில் 'பிரமாணிக்கம்' என்று ஒரு சொல் வருகிறது, உண்மையாய் இருப்பது என்று பொருள். வகுப்பில் அதை விளக்க நான் படாத பாடு படுவேன். அன்று வாளிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளிடம் விளக்க எனக்கு ஒன்றும் இல்லை. திருவெளிப்பாடு 20:13ஐ மட்டும் சொன்னேன்: கடல் தன்னிடம் இருந்த இறந்தோரைத் திருப்பிக் கொடுக்கும். "பெயர் சொல்லிக் கேட்பார்களா, அக்கா?" என்றாள். கேட்பார்கள் என்றேன்.

புது வானம், புது மண் வரும்போது கடலே இருக்காது என்கிறதே திருவெளிப்பாடு? நாங்கள் எங்கே போவது?

கேட்டவர் 70 வயதுப் பெரியவர், உண்மையான கவலையோடு கேட்டார். திருவெளிப்பாடு 21இன் முதல் வசனம் கடல் இல்லாமற்போயிற்று என்கிறது. அடுத்த வசனமே மணமகளாக அலங்கரிக்கப்பட்ட நகர் இறங்கி வருவதைச் சொல்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் படிக்கக் கூடாது. அந்த நூலில் கடல் என்பது விலங்கு எழும்பி வருகிற இடம் (13:1), அழிவின் உறைவிடம். எழுதிய யோவான் பத்மு தீவில் இருந்தார்; அவருக்கும் அவருடைய ஏழு சபைகளுக்கும் நடுவில் கிடந்தது கடல். கணவன் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருக்கும்போது இக்கரையில் நிற்கிறவளுக்கு அந்த வசனம் நன்றாகவே விளங்கும். இல்லாமற்போவது பிரிக்கிற கடல் என்றுதான் நான் படிக்கிறேன். பெரியவர் தலையாட்டிவிட்டு, "மீன் பிடிக்க ஒரு வாய்க்காலாவது இருக்குமா?" என்றார். 22ஆம் அதிகாரத்தில் ஆறு இருக்கிறது என்று காட்டினேன். ஓரளவு சமாதானம் ஆனார்.

விண்ணகத்திலும் நாங்கள் கணவன் மனைவியாக இருப்போமா?

உயிர்த்தெழுந்தபின் யாரும் பெண் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்றார் இயேசு (மத்தேயு 22:30). ஏழு சகோதரர்களை அடுத்தடுத்து மணந்த ஒருத்தியின் கதையைச் சொல்லி, உயிர்த்தெழுதலே இல்லை என்ற சதுசேயர் மடக்கப் பார்த்தபோது தந்த பதில் அது. சிலருக்கு இது ஏமாற்றம். சிலருக்கு நிம்மதி, அவர்கள் யாரென்று சொல்ல மாட்டேன். நம் கல்யாணம், வரப்போகும் விருந்துக்கு அடித்த பத்திரிகை மாதிரி. பந்தியில் உட்கார்ந்தவர் பத்திரிகையைத் தேடுவதில்லை. ஆனால் பத்திரிகையில் இருந்த ஆட்கள் பந்தியில் இருப்பார்கள்.

கல்யாணமே ஆகாதவர்களுக்கு இதில் பங்கில்லையா?

உண்டு. 2 கொரிந்தியர் 11:2இல் முழுச் சபையையும் ஒரே மணமகள் என்கிறார் பவுல், அவரோ மணமாகாதவர். முப்பது தாண்டியும் வரன் அமையாத பெண்ணைக் கல்யாண வீடுகளில் பின்வரிசைக்குத் தள்ளுவது நம் பழக்கம், விவிலியத்தின் பழக்கம் அல்ல.

இந்துக்களுக்கு இது விளங்குமா? என் தோழிக்கு விளக்க வேண்டும்.

நம்மைவிட எளிதாக விளங்கும். ஆண்டாளைத் தெரிந்த ஊரில், ஆண்டுதோறும் திருக்கல்யாணம் நடக்கும் ராமேசுவரத்தில், இறைவனை மணமகனாகப் பார்ப்பது புதுச் செய்தி அல்ல. அவர்களுடைய கதை வேறு, நம்முடையது வேறு. ஏக்கத்தின் மொழி பொதுவானது. அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

தனுஷ்கோடி இடிந்த தேவாலயத்தில் கல்யாணப் போட்டோ எடுக்கலாமா?

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து போன ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட இடம் அது. எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பீடம் இருந்த சுவருக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, பிறகு எடுங்கள். சுவரில் பெயர் எழுதாதீர்கள்.

வகுப்புக்கு எப்போது வர வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும்?

ஆறு மாதத்துக்குள் வாங்கிய திருமுழுக்குச் சான்றிதழ் இருவருக்கும் வேண்டும். மூன்று ஞாயிறு பூசையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், ஆகவே கடைசி வாரத்தில் வந்து நிற்காதீர்கள். தவக்காலத்தில் தேதி கேட்காதீர்கள். வகுப்பு ஞாயிறு மாலை. சனிக்கிழமை விசைப்படகில் போனவர்கள் ஞாயிறு காலை கரை திரும்பிவிடுவார்கள். இரவெல்லாம் வலை இழுத்த பையன்கள் பாதி வகுப்பில் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் வெட்கப்பட்டு முழங்கையால் இடிப்பார்கள். நான் எழுப்புவதில்லை. பத்துப் பேருமே தூங்கினார்கள்.